விமான மின்னணுப் பெட்டிக்கு அதிர்வுச் சோதனை: பொத்தானை அழுத்தும் முன்னும் பின்னும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூலிமுக்கு வேலைக்கு வரும் இளையோர் பலருக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஷேக்கர் என்ற ஆட்டும் இயந்திரத்தை இயக்கும் மென்பொருள் அவர்களுக்கு இரண்டே நாளில் பழகிவிடுகிறது. தடுமாறுவதெல்லாம் அதற்கு முந்தைய வேலைகளில்தான்: போல்ட், சென்சார், கேபிள், பெட்டியை ஷேக்கரில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸ்சர். சோதனை கெட்டுப்போன பிறகு காரணத்தைத் தேடிப் போனால், அது பெரும்பாலும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நடந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் முன்வேலையில்தான் அதிக நேரம் நிற்கிறது.

பெட்டி என்று நான் சொல்வது விமானத்தில் பொருத்தும் எந்த மின்னணுக் கருவியையும்தான். ரேடியோ, மின்வழங்கி, கணினி எதுவாகவும் இருக்கலாம்.

1. பிரிவையும் வளைகோட்டையும் எழுத்தில் வாங்குங்கள்

அமெரிக்காவின் விமானத் தர அமைப்பான ஆர்டிசிஏ 2010 டிசம்பரில் வெளியிட்ட டிஓ-160ஜி ஆவணத்தின் 8ஆம் பகுதி அதிர்வுக்கானது. ஐரோப்பாவில் இதற்கு இணையான ஆவணம் இடி-14ஜி.

"டிஓ-160 படி அதிர்வுச் சோதனை செய்து கொடுங்கள்" என்று மட்டும் வாடிக்கையாளர் எழுதினால் அது போதாது. இரண்டு கேள்விகள் மீதம் நிற்கும். முதலாவது, எந்தப் பிரிவு. எஸ் பிரிவு வழக்கமான பறப்பில் பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது. ஆர் பிரிவு அதோடு நீண்டகால உறுதியையும் சோதிப்பது. இன்ஜினின் விசிறித் தகடு உடைந்தால் வரும் குறுகிய நேரக் கடும் அதிர்வுக்கு எச் பிரிவு. எந்த ஹெலிகாப்டர் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில் யு பிரிவு.

இரண்டாவது, பெட்டி விமானத்தின் எந்த இடத்தில் உட்காரப் போகிறது. உடற்பகுதி, கருவிப் பலகை, இறக்கை, இன்ஜின் உறை, வால் பகுதி என்று இடத்துக்கு இடம் வளைகோடு, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்ட வேண்டும் என்று காட்டும் கோடு, மாறும். கருவிப் பலகைக்கான வளைகோட்டில் தேறிய பெட்டியை இன்ஜின் உறைக்குள் வைக்க முடியாது. இது தெரியாமல் மூன்று நாள் ஓட்டினால் மூன்று நாளும் வீண்.

இன்னொன்றையும் இப்போதே எழுதி வாங்குங்கள்: ஓடும்போது பெட்டி என்ன செய்துகொண்டிருக்க வேண்டும், எது நடந்தால் தோல்வி. திரை அரை விநாடி மினுக்கினால் அது தோல்வியா? முன்பே எழுதியிருந்தால் பதில் ஒரு வரி. பிறகு முடிவு செய்யலாம் என்று விட்டால் அது சண்டையில் போய் முடியும்.

2. ஷேக்கருக்கு அந்த வலு உண்டா என்று கணக்குப் போடுங்கள்

செம்பனைக் குலை ஏற்றிய லோரி செம்மண் பாதையில் போகும்போது, அதன் தட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு ரேண்டம் அதிர்வு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மெதுவான ஆட்டமும் சன்னமான நடுக்கமும் ஒரே நேரத்தில் கலந்து வரும். சைன் அதிர்வு அப்படியல்ல. ஆலையில் ஒரே சீராக ஓடும் இயந்திரத்தைப் போல, ஒரு நேரத்தில் ஒரு அதிர்வெண் மட்டுமே அதில் இருக்கும்.

ரேண்டம் வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கண்டுபிடித்து அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் ஜி-ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ஆட்டத்தின் ஒட்டுமொத்த வலு, கிடைக்கும். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம். ஓர் எளிய கணக்கு: 20 ஹெர்ட்ஸ் முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை ஒரே சமமாக ஹெர்ட்ஸுக்கு 0.01 ஜி² என்றால் பரப்பு 19.8. வர்க்கமூலம் 4.45 ஜி-ஆர்எம்எஸ்.

அடுத்து எடை. புதியவர்கள் இங்கே 4 கிலோ பெட்டியை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் ஷேக்கர் ஆட்ட வேண்டியது தன் ஆர்மெச்சர் (உள்ளே அசையும் பாகம்), மேல்தட்டு, ஃபிக்ஸ்சர், போல்ட்டுகள், பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து. மொத்தம் 40 கிலோ வந்தால், 40 × 9.81 × 4.45, ஏறக்குறைய 1750 நியூட்டன் ஆர்எம்எஸ் விசை வேண்டும். ஷேக்கரின் ரேண்டம் விசை அளவு இதைவிடத் தாராளமாக அதிகம் இருக்க வேண்டும். எல்லையை ஒட்டி ஓட்டினால் மூன்றாவது மணியில் சூடேறி நின்றுவிடும்.

தாழ் அதிர்வெண்ணில் விசையைவிட நகர்ச்சிதான் தடை. 10 ஹெர்ட்ஸில் 0.5 ஜி என்பது ஒரு பக்கம் 1.24 மி.மீ., மொத்தம் சுமார் 2.5 மி.மீ. அசைவு. கடுமையான வளைகோடுகளில் இது பல மடங்காகும். ஷேக்கரின் ஓட்ட நீளத்தை (அது அசையக்கூடிய தூரத்தை) இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. ஃபிக்ஸ்சரைத் தனியாகச் சோதியுங்கள், பெட்டி இல்லாமல்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நான் அதிகம் வற்புறுத்துவதும் இதைத்தான்.

ஷேக்கரின் ஆட்டத்தைப் பெட்டிக்குக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுசேர்ப்பதுதான் ஃபிக்ஸ்சரின் வேலை. அதற்கே ஓர் இயல் அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக ஆடும் அதிர்வெண்) சோதனை எல்லைக்குள் இருந்தால், அந்த இடத்தில் அது தானாகப் பெருக்கும். கப்சாய் மோட்டாரில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பக்கக் கண்ணாடி மங்கலாகித் தெரியும், வேகத்தைக் கூட்டினால் மறுபடியும் தெளிந்துவிடும். அதுதான் ஒத்ததிர்வு. ஃபிக்ஸ்சரில் அது நடந்தால் நீங்கள் சோதிப்பது பெட்டியை அல்ல, ஃபிக்ஸ்சரை.

"இரும்பில் செய்தால் உறுதிதானே அண்ணே?" என்று புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இயல் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது விறைப்பு மட்டுமல்ல, விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம். எஃகுக்கு 200 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 7.85. அலுமினியத்துக்கு 69, அடர்த்தி 2.7. மக்னீசியத்துக்கு 45, அடர்த்தி 1.74. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் விகிதம் கிட்டத்தட்ட 26தான். அதாவது ஒரே அளவில் செய்தால் மூன்றும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில்தான் ஆடும், எஃகு மட்டும் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனக்கும். அந்த எடைக்கு அலுமினியத்தைத் தடிமனாகப் போடலாம். வளைவுக்கு எதிரான விறைப்பு தடிமனின் மும்மடியில் ஏறும், அங்கேதான் லாபம்.

செய்முறை இது. வெறும் ஃபிக்ஸ்சரை மேசையில் இறுக்குங்கள். பெட்டி உட்காரும் ஒவ்வொரு துளையருகிலும் ஓர் ஆக்சிலரோமீட்டர் (முடுக்கம் அளக்கும் சென்சார்) வையுங்கள். 0.5 ஜியில் ஒரு சைன் ஸ்வீப், அதாவது அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போகும் சைன் ஓட்டம், ஓட்டுங்கள். துளைகள் எல்லாம் ஒரே மாதிரி ஆடுகின்றனவா, ஒன்று மட்டும் துள்ளுகிறதா என்று பாருங்கள். ஆட்டும் திசைக்குக் குறுக்கே எவ்வளவு அசைவு வருகிறது என்பதையும் அளந்து வையுங்கள்.

2000 ஹெர்ட்ஸ் வரை ஒத்ததிர்வே இல்லாத ஃபிக்ஸ்சர் சின்னப் பெட்டிக்குக் கிடைக்கும், பெரிய பெட்டிக்குக் கிடைப்பது அரிது. அப்போது ஒரே இடத்தை நம்பாமல் இரண்டு மூன்று கட்டுப்பாட்டு சென்சார்களின் சராசரியை எடுக்க வேண்டும்.

உறுமி மேளம் கட்டும் ஒருவர் தோலைத் தட்டிப் பார்த்தே இழுப்பு சரியா என்று சொல்லிவிடுவார். ஃபிக்ஸ்சரையும் போல்ட் இறுக்கிய பிறகு ஒரு நைலான் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தால் எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது தட்டுக்கடியில் ஒரு சுருள் துகள் சிக்கியிருக்கிறது. செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருப்பவரின் மகள் ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். சென்சார் காட்டும் முன்பே அவர் சத்தத்தை வைத்து அந்தப் போல்ட்டைச் சுட்டிக்காட்டிவிடுவார். பழகினால் எல்லோருக்கும் வரும்.

4. சென்சாரை ஒட்டுவது: அவசரப்படக்கூடாத இடம்

கட்டுப்பாட்டு ஆக்சிலரோமீட்டர் பெட்டி ஃபிக்ஸ்சரோடு சேரும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும். மேசையின் நடுவில் வசதியாக ஒட்டிவிட்டுப் போனால், அந்த சென்சாரைப் பார்த்து ஷேக்கரை இயக்கும் கன்ட்ரோலர் மேசையைத்தான் சரியாக ஆட்டும். பெட்டிக்கு என்ன போகிறது என்று யாருக்கும் தெரியாது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில், கட்டுப்பாட்டு சென்சாரின் பசை ஓட்டத்தின் நடுவே விட்டது. சென்சார் பாதி கழன்று தொங்கியது. கன்ட்ரோலருக்குத் தெரிந்ததெல்லாம் "அளவு குறைந்துவிட்டது" என்பதுதான். உடனே அது ஷேக்கரை இன்னும் வேகமாக ஆட்டியது. நான் நிறுத்துவதற்குள் பெட்டிக்குள் ஒரு பெரிய கெப்பாசிட்டர் பலகையிலிருந்து பிய்ந்து விழுந்துவிட்டது. அந்தப் பெட்டியைச் செய்தவர்களின் மாதக் கணக்கான உழைப்பு அது. இன்றும் அந்தச் சத்தம் எனக்கு மறக்கவில்லை.

அன்றிலிருந்து நான் விடாமல் செய்பவை: கட்டுப்பாட்டு சென்சாரை முடிந்தவரை திருகாணியில் பொருத்துவேன். பசைதான் வழி என்றால் பரப்பை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஈரம் போன பிறகே ஒட்டுவேன். நம் ஊர் ஈரப்பதத்தில் இதை விட்டுவிடவே கூடாது. அதன் பக்கத்தில் இரண்டாவது சென்சார் ஒன்றைக் கண்காணிப்புக்கு வைப்பேன், அதற்கும் நிறுத்த எல்லை போட்டுவைப்பேன். ஒன்று கழன்றாலும் மற்றது ஓட்டத்தை நிறுத்தும்.

உணர்திறன் எண்ணையும் அந்த இரண்டாவது சென்சாரே காட்டிக்கொடுக்கும். ஒரு ஜிக்கு 10 மில்லிவோல்ட் தரும் சென்சாருக்கு 100 என்று தட்டிவிட்டால், கன்ட்ரோலர் உண்மையில் பத்து மடங்கு ஆட்டும். கையடக்கக் கலிபிரேட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அவற்றில் பல 159.2 ஹெர்ட்ஸில் விநாடி வர்க்கத்துக்கு 10 மீட்டர் முடுக்கம் தரும். ஒவ்வொரு சென்சாரையும் அதில் வைத்துத் திரையில் அதே அளவு தெரிகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கேபிளை சென்சாரிலிருந்து இரண்டு விரல் தள்ளி டேப்பால் ஒட்டுங்கள். தொங்கினால் அது சாட்டைபோல ஆடிப் பொய்யான சிக்னல் தரும். பிறகு ஆம்ப்ளிஃபயரை இயக்காமலேயே திரையைப் பாருங்கள். 50, 100, 150 ஹெர்ட்ஸில் ஊசிபோல ஏதாவது நின்றால் அது அதிர்வல்ல, மின்சாரம். சென்சாருக்கும் உலோகத்துக்கும் இடையே காப்புத் தளம் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பெட்டிக்குள் மின்சுற்றுப் பலகையில் ஒட்டும் சென்சார் 1 கிராம் அளவில் இருக்கட்டும். பலகையின் ஆடும் எடை 100 கிராம் என்றால், 10 கிராம் சென்சார் அதன் அதிர்வெண்ணைச் சுமார் 5 சதவீதம் இறக்கிவிடும்.

5. பெட்டியைப் பொருத்துவது

விமானத்தில் எப்படிப் பொருத்துவார்களோ அப்படியே. அதே போல்ட், அதே வாஷர், அதே டார்க் (இறுக்கும் அளவு). ரப்பர் தாங்கியோடு பறக்கும் பெட்டி என்றால் தாங்கியோடுதான் சோதனை. "இங்கே கெட்டியாக இருக்கட்டும்" என்று பெரிய போல்ட் போடுவதும் தவறுதான், ஏனென்றால் அப்போது வேறொரு பெட்டியைச் சோதிக்கிறீர்கள்.

டார்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தட்டுவரை ஒரு பெயிண்ட் கோடு இழுங்கள். கோடு விலகினால் போல்ட் சுழன்றிருக்கிறது. கனெக்டர் கேபிள்களை விமானத்தில் உள்ளதுபோலக் கட்டி, மறுமுனையை ஆடாத சட்டத்தில் பிடியுங்கள்.

பெட்டியை இயக்கி முழு வேலைச் சோதனை ஒன்று செய்து பதியுங்கள். ஷேக்கர் மேல் உட்கார்ந்த நிலையிலேயே செய்வது முக்கியம். ஷேக்கரின் காந்தப்புலமே சில கருவிகளைக் குழப்பும். திசைகாட்டி வகைச் சென்சார் உள்ள பெட்டிகளில் இதை அதிர்வுக் கோளாறு என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஷேக்கரின் புலம் மட்டும் இருக்கும்போது பெட்டி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆட்டமில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். இதய பேஸ்மேக்கர் வைத்தவர் அறைக்குள் வரக்கூடாது. ஓடும்போது காதுக்காப்பு கட்டாயம்; மலேசியச் சட்டப்படி ஒரு நாள் இரைச்சல் எல்லை 85 டெசிபெல்.

6. முதல் ஸ்வீப்

10 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை, 0.5 ஜி உச்சத்தில், நிமிடத்துக்கு 1 ஆக்டேவுக்கு மேல் போகாத வேகத்தில் சைன் ஸ்வீப். ஆக்டேவ் என்பது அதிர்வெண் இரட்டிப்பாவது. இடையில் 7.6 ஆக்டேவ் இருப்பதால் நிமிடத்துக்கு 1 என்று ஓட்டினால் எட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நேரத்தை மிச்சப்படுத்த வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒத்ததிர்வு முழுமையாக எழும்ப நேரம் வேண்டும், வேகமாகத் தாண்டினால் உச்சம் குட்டையாகத் தெரியும்.

உள்ளே போகும் முடுக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆடும் இடம் ஒவ்வொன்றும் முக்கிய அதிர்வெண். ஆட்டம் பெரிதாக இல்லாவிட்டாலும் பெட்டியின் செயல்பாடு அந்த இடத்தில் மாறினால் அதுவும் சேர்த்தி. எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். இந்தக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள், ஏனென்றால் முழுச் சோதனையின் தீர்ப்பும் இதை நம்பித்தான் நிற்கிறது.

7. ரேண்டம் ஓட்டம்

நேராக முழு அளவுக்குப் போகாதீர்கள். -12 டெசிபெலில் தொடங்கி -9, -6, -3, அப்புறம் 0. -12இல் ஜி-ஆர்எம்எஸ் முழு அளவில் கால் பங்கு, -6இல் பாதி. ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நின்று, கட்டுப்பாட்டுக் கோடு எல்லைக்குள் இருக்கிறதா, கண்காணிப்பு சென்சார் அதே விகிதத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். சென்சார் கழன்றிருந்தாலும் எண் தவறாக இருந்தாலும் இங்கேயே தெரிந்துவிடும், பெட்டிக்குச் சேதமில்லாமல்.

எஸ் பிரிவில் ஒவ்வோர் அச்சுக்கும் (ஆட்டும் திசைக்கும்) ஒரு மணி நேரம், பெட்டி வேலை செய்துகொண்டே. ஆர் பிரிவின் நீடிப்புச் சோதனை அச்சுக்கு 3 மணி நேரம். அதுவே மூன்று அச்சுக்கு 9 மணி நேரம், பொருத்தவும் மாற்றவும் ஆகும் நேரம் தனி. நம் பக்கம் பிற்பகலில் இடி மழை வந்து மின்சாரம் ஒரு கணம் துடித்தாலும் ஆம்ப்ளிஃபயர் நின்றுவிடும். நீண்ட ஓட்டங்களை நான் காலையில் பசியாறியதும் தொடங்கிவிடுவேன். கன்ட்ரோலருக்கும் பதிவுக் கணினிக்கும் யுபிஎஸ் கட்டாயம். நின்றுபோனால் எத்தனை நிமிடம் ஓடியது என்பதைக் கன்ட்ரோலர் பதிவிலிருந்து எடுத்து, மீதி நேரத்தை மட்டும் தொடருங்கள். மனக்கணக்கில் போடாதீர்கள்.

ஓடும்போது அறையை விட்டுப் போகக்கூடாது. திடீரென்று சத்தம் மாறினால் திரை என்ன சொன்னாலும் நிறுத்துங்கள். பெட்டியின் வெளியீட்டைக் கணினி தொடர்ந்து பதியட்டும். ரிலே ஒன்று ஒரு மில்லிவிநாடி திறந்து மூடுவதைக் கண்ணால் பிடிக்க முடியாது.

8. கடைசி ஸ்வீப்பும் ஒப்பீடும்

அதே சென்சார்கள், அதே இடம், அதே வேகம். போல்ட்டை மறுபடியும் இறுக்காமல் ஓட்டுங்கள். "தளர்ந்திருக்கிறதே" என்று நல்லெண்ணத்தில் இறுக்கிவிட்டால், காட்டியிருக்க வேண்டிய சான்று போய்விடும்.

இரண்டு ஸ்வீப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். விறைப்பு அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு போகிறது. 200 ஹெர்ட்ஸில் இருந்த உச்சம் 180க்கு இறங்கியிருந்தால் விறைப்பில் 19 சதவீதம் போயிருக்கிறது. பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கலாம். "எல்லாம் வேலை செய்கிறதே அண்ணே, தேறிவிட்டதல்லவா?" என்று கேட்டால் என் பதில்: இல்லை தம்பி, உள்ளே ஏதோ தளர்ந்திருக்கிறது அல்லது விரிசல் விட்டிருக்கிறது, அது என்னவென்று தெரியாமல் அடுத்த அச்சுக்குப் போகக்கூடாது. மாற்றம் எதுவானாலும் டிஓ-160 கேட்கும் சுற்றுச்சூழல் தகுதிப் படிவத்தில் பதிய வேண்டும்.

அச்சு மாற்றும்போது கிடைமட்ட ஓட்டத்துக்கு ஷேக்கரைச் சாய்த்து, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் ஸ்லிப் டேபிளோடு இணைப்போம். எண்ணெய் சரியாகப் பரவும்வரை காத்திருங்கள். சென்சார்களின் திசையையும் மாற்ற வேண்டும். இதை மறந்து பழைய திசையிலேயே ஓட்டுவது ஆண்டுக்கு ஒரு தடவையாவது எங்கோ நடக்கும் பிழை. பிறகு படி 5 முதல் 8 வரை மறுபடியும்.

9. திறந்து பார்த்தல்

மூன்று அச்சும் முடிந்ததும் முழு வேலைச் சோதனை. அதற்குப் பிறகே மூடியைத் திறங்கள். வெளியிலும் உள்ளேயும் உடைந்த பாகம் ஒன்றும் இருக்கக்கூடாது.

நான் முதலில் பார்ப்பது கனமான, உயரமான பாகங்களை: பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், டொராய்டு சுருள், டிரான்ஸ்ஃபார்மர். அவற்றின் கால்களில் ஈய ஒட்டைச் சுற்றி வளையமாக விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். அடுத்து கனெக்டர் ஊசிகள். உராய்ந்த இடத்தில் கறுப்புத் தூள் சேர்ந்திருக்கும். பெட்டியைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத்தாளில் மெல்லத் தட்டுங்கள். விழும் ஒவ்வொரு துகளையும் படம் எடுத்து ஒரு சிறு பையில் போட்டு எண் எழுதுங்கள். கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால் அதைப் பலகையோடு சிலிகோன் பசையால் பிடித்துவைப்பது வழக்கமான திருத்தம். ஆனால் திருத்தியதும் அது வேறு பெட்டி. எந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதை வாடிக்கையாளரோடு எழுத்தில் முடிவு செய்த பிறகே ஷேக்கருக்குக் கொண்டுவாருங்கள்.

அறிக்கையோடு எல்லா ஸ்வீப் கோப்புகள், கட்டுப்பாட்டு வரைபடங்கள், சென்சார்களின் கலிபிரேஷன் சான்றிதழ் எண்கள், பொருத்திய படங்கள் எல்லாம் போக வேண்டும். ஃபிக்ஸ்சரைத் தனியாக ஓட்டிய பதிவையும் சேருங்கள். அதைக் கேட்காமலே இணைத்து அனுப்புங்கள்.